ஜல்லிக் குவியலின் மேல் என் கால்கள்

"சைக்கிளில் சென்றவர். லாரி மோதியதாகக் கூட வந்தவர்கள் சொல்கிறார்கள். சுயநினைவு இருக்கிறது. வாந்தி இல்லை. வெளிக்காயம் அதிகம் இல்லை. இரண்டு கால்களிலும் அசைவு இல்லை, உணர்ச்சி இல்லை."

1981 ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு இது. தமிழாக்கம் என்னுடையது. என் உடம்பைப் பற்றி மருத்துவமனையில் எழுதப்பட்ட முதல் தாள் இதுதான். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுதிய வேளையில் நான் விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. விழுந்த நொடியிலிருந்து இந்தக் குறிப்பு வரையிலான நேரத்துக்கு, கம்பெனி மருத்துவர் எழுதிய ஒரு சீட்டைத் தவிர, எந்தத் தாளும் இல்லை. நான் எழுத வந்தது அந்த நேரத்தைப் பற்றி.

எங்கள் குடியிருப்புக்கு முதல் பேருந்து வந்த நாள், முதல் தெருவிளக்கு எரிந்த நாள் என்று எதையும் தேதியோடு குறித்து வைப்பது என் வழக்கம். நண்பர்கள் கேலி செய்வார்கள். இப்போது மீண்டும் மருத்துவமனையில் சேரக் காத்திருக்கிறேன். இடுப்பின் கீழ்ப்புறம் வந்திருக்கும் படுக்கைப்புண்ணை அறுத்துத் தைக்க வேண்டுமாம். கட்டில் காலியானதும் சொல்லி அனுப்புவார்கள். அதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன். கைகள் நன்றாக இருக்கின்றன.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். ஹைதராபாத்தில், மௌலா அலி அருகே ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் திட்டப்பிரிவில் வேலை. குடியிருப்பிலிருந்து தொழிற்சாலைக்குச் சைக்கிளில்தான் போவேன். என்னோடு வருபவனைத் தனபால் என்று இங்கே சொல்கிறேன். அது அவனுடைய உண்மையான பெயர் அல்ல. எந்திரக் கூடத்தில் ஃபிட்டர். வெள்ளைக்காரர்கள் காலத்தில் கண்டோன்மெண்ட்டுக்கு வந்து செகந்தராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். அவன் பேசும் தமிழில் பாதி ஹைதராபாத் இந்தி. ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவன்; அண்ணே என்று கூப்பிடுவான்.

அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக இடது ஓரம் முழுக்க ஜல்லியைக் குவித்திருந்தார்கள். சைக்கிள்காரர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஓரம் அன்று இல்லை. நாங்கள் எல்லோரும் தாருக்கு நடுவே ஏறி ஓட்டிக்கொண்டிருந்தோம். தனபால் எனக்குச் சற்று முன்னால் போனான். நாச்சாரம் பக்கமிருந்து இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டியது.

லாரி வேகமாக வரவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பவர்கள் நம்புவதில்லை. பாரம் ஏற்றிய வண்டி, ஏற்றமான இடம், முனகிக்கொண்டு ஊர்ந்தது. அது என் சைக்கிளைத் தொடவும் இல்லை. லாரியின் பக்கப் பலகையில் கயிறு கட்டுவதற்கு வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். அவற்றில் ஒன்று, காற்றில் விரிந்திருந்த என் மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் முன்னே போய்விட்டது, நான் பின்னால் இழுக்கப்பட்டேன். கோட்டு கிழிந்ததும் மல்லாந்தபடி ஜல்லிக் குவியலின் மேல் விழுந்தேன். குவியலின் விளிம்பு என் முதுகின் நடுவில். தலை அடிபடவில்லை. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிற்பாடு தனபால் அதை ஓட்டிக்கொண்டுபோய்த் தொழிற்சாலைக் கொட்டகையில் நிறுத்தினான்.

நனைந்த கல்லின் வாசனை நினைவிருக்கிறது. முகத்துக்கு அருகே யாருடைய செருப்போ நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் ஒன்றும் இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு நடைமுறை உண்டு, வெளியாட்களுக்கு அது விளங்காது. யாருக்கு எது நடந்தாலும் முதலில் கம்பெனி டிஸ்பென்சரிக்குத்தான் போக வேண்டும். அங்கிருக்கும் மருத்துவர் சீட்டுக் கொடுத்தால்தான் வெளி மருத்துவமனையில் கம்பெனி நோயாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். வேலைக்கு வரும் வழியில் அடிபட்டவன் அன்றைக்கே டிஸ்பென்சரியில் பதிவு செய்துவிட்டால் காய விடுப்பு கிடைக்கும். தவறினால் சொந்த விடுப்பு கரையும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எல்லோருக்கும் பாடமாகிவிடும். ஆகவே என்னைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட வேறு மாதிரி யோசிக்கவில்லை. தனபால் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்தார். ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே, முட்டி மார்பில் இடிக்க, உட்கார வைத்தார்கள். பள்ளமும் மேடுமான சாலை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் முதுகு முன்னால் மடங்கி நிமிர்ந்தது.

"கண்ணை மூடாதீங்க அண்ணே, நக்கோ! கேட்டுல உங்க ஹாஜர் டோக்கனைப் பசங்க போட்டுடுவாங்க. நீங்க இன்னிக்கு டூட்டில இருக்கீங்க. ஒண்ணுமில்ல, புடிப்பு. வென்னி ஊத்துனா போயிடும்" என்று தனபால் சொல்லிக்கொண்டே வந்தான்.

டிஸ்பென்சரி மருத்துவர் எந்திரக் கூடங்களைப் பார்வையிடப் போயிருந்தார். அவர் வரும்வரை பெஞ்சில் என்னைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர் என் வலது காலைத் தூக்கிவிட்டார். அது தொப்பென்று விழுந்தது. இடது காலையும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸும் ஸ்ட்ரெச்சரும்.

எக்ஸ்ரேயில் முதுகின் கீழ்ப்பகுதி எலும்பு ஒன்று நசுங்கி முன்பக்கம் சாய்ந்திருந்தது. விலா எலும்புகள் வந்து சேரும் பன்னிரண்டு முள்ளெலும்புகளில் கடைசிக்கு முந்தியது. எலும்புப் பிரிவின் பெரிய மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முள்ளெலும்புகளுக்கு நடுவே ஒரு துளை உண்டு. மூளையிலிருந்து வரும் தண்டுவடம், அதாவது நரம்புகளின் கற்றை, அந்தத் துளை வழியாகத்தான் இறங்குகிறது. எலும்பு நகர்ந்தால் கற்றை நசுங்கும். எலும்பு ஒட்டும், நரம்பு ஒட்டாது.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். என் மனைவி கோமதிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே என்னைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் நானே அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மருத்துவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "விழுந்த இடத்தில் இவர் காலை அசைத்ததை யாராவது பார்த்தார்களா?"

ஏன் கேட்கிறார் என்று விசாரித்தேன். விழுந்த கணத்திலேயே கால் அசைவு முற்றிலும் போயிருந்தால் நம்பிக்கைக்கு இடமில்லை என்றே கொள்ளலாம் என்றார். விழுந்த பிறகு சிறிதாவது அசைந்திருந்தால், நரம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று பொருள். இப்போதைய செயலின்மை வீக்கத்தால் வந்ததாகவும் இருக்கலாம், வீக்கம் வடிந்தால் ஏதாவது திரும்பலாம். 'இருக்கலாம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. அதைக் கோமதிக்குச் சொல்லும்போது எப்படியோ அந்த அழுத்தம் காணாமல் போனது.

அவள் நேரே வராந்தாவுக்குப் போய்த் தனபாலை அழைத்து வந்தாள்.

"தம்பி, சாமி சத்தியமா சொல்லுங்க. இவுக விழுந்து கெடக்கும்போது கால அசைச்சாவளா?"

தனபால் என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவளுடைய கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஹவ் அக்கா. அசைச்சார். முட்டியை மடக்கினார். நான் பார்த்தேன்."

கோமதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப சரியாயிரும். டாக்டரே சொல்லுதாரு. என்னங்க, கேட்டீயளா? மடக்குனீயளாம்!"

மருத்துவர் தனபாலிடம் தெலுங்கில், "எப்படித் தூக்கிவந்தீர்கள்?" என்று கேட்டார். தனபால் ஆர்வத்தோடு கைகளை நீட்டி, அக்குளில் இப்படி, முட்டியில் அவர் அப்படி, ஆட்டோவில் நடுவே உட்காரவைத்து, என்று நடித்தே காட்டினான். மருத்துவர் தலையசைத்துவிட்டுக் குறித்துக்கொண்டார். 

அதன்பின் வார்டு. உயரமான கூரை, நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்குச் சொந்தமில்லாத ஒரு மூட்டைபோல் கிடந்தது. சிறுநீருக்குக் கதீட்டர் என்ற ரப்பர் குழாய். மலம் கழித்ததே தெரியாது, வாசனை வந்தால் கோமதி பார்ப்பாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் அழுகிவிடும் என்பதால் குறித்த இடைவெளியில் திருப்ப வேண்டும், இரவிலும். முதல் இரவுகளில் நான் தூங்கவில்லை. கால்கள் எங்கோ மடங்கிக்கிடப்பதுபோல் தோன்றும். போர்வையை விலக்கிப் பார்த்தால் நீட்டித்தான் இருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் பாய். பால் வியாபாரி. இவரும் சைக்கிள்தான். குறுக்குத் தெருவிலிருந்து வந்த ஸ்கூட்டர் பக்கவாட்டில் இடித்துத் தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மேரே கூ மார்கே, ஊப்பர் சே பூச்தா, கைக்கு பீச் மே ஆயா!" என்று வருகிறவர்களிடம் எல்லாம் புலம்புவார். இடித்தவனே, ஏன் நடுவில் வந்தாய் என்று இவரைக் கேட்டானாம். என்னைப் பார்த்து, "உங்களுக்கு லாரி, எனக்கு ஸ்கூட்டர். கவர்மெண்ட் ஆளுக்கும் பால்காரனுக்கும் அந்தஸ்து வேற இல்லையா?" என்று தெலுங்கில் கேலி பேசுவார். கோமதிகூடச் சிரித்துவிடுவாள்.

எதிர்வரிசையில் ராமச்சந்திராபுரம் பக்கமிருந்து கொண்டுவந்த ஓர் இளைஞன். சைக்கிளில் போனவனைப் பேருந்து தட்டிவிட்டதில் தலை தாரில் பட்டது. உடம்பில் சிராய்ப்புகூட இல்லை, குளித்துவிட்டுப் படுத்தவன்போல் கிடந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை கட்டில் காலியாக இருந்தது.

படிக்க ஏதும் இல்லாத நாட்களில் நான் இதையே யோசித்தேன். மூவரும் சைக்கிளில் போனவர்கள். மோதிய வண்டியின் எடை, அதன் வேகம், எந்தப் பக்கமிருந்து மோதியது, நாம் விழுந்த இடம் மண்ணா தாரா கல்லா, உடம்பில் எந்தப் பகுதி முதலில் பட்டது, வயது என்ன. காசிம் பாய்க்கு வயது அதிகம், ஆனால் மோதியது சிறிய வண்டி, விழுந்தது மண்ணில். அந்தப் பையனுக்கு இளவயது, தலையில் துணிகூட இல்லை. என்னை எந்த வண்டியும் மோதவே இல்லை. ஒரு கொக்கியும் ஒரு மழைக்கோட்டும், ஒரு ஜல்லிக் குவியலும் போதுமாக இருந்தன. குவியல் ஒரு முழம் தள்ளி இருந்திருந்தால், அன்று மழை இல்லாமல் இருந்திருந்தால் என்று எண்ணத் தொடங்கினால் முடிவே இல்லை.

ஒருநாள் இதைப் பெரிய மருத்துவரிடம் கேட்டேன். ஊர்ந்துவந்த லாரியால் இவ்வளவு நேருமா?

"லாரியின் வேகம் எனக்குத் தெரியாது" என்றார். "எந்தக் கல்லில் எப்படி விழுந்தீர்கள் என்றும் தெரியாது. அதன்பிறகு என்ன நடந்தது என்பதும் தெரியாது. படத்தில் முடிவு மட்டும்தான் தெரிகிறது."

அதன்பிறகு என்ன நடந்தது என்று அவர் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

தனபால் ஷிப்ட் முடிந்ததும் தினமும் வருவான். சவரம் செய்துவிடுவான். சட்டியை எடுப்பான். என் மகள் மீனாவைப் பள்ளியிலிருந்து சைக்கிளில் கூட்டிவருவான். அவன் வந்தால் கோமதி கொஞ்சம் கண்ணயர்வாள். "இவுக கூடப் பொறந்தவுக இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டாவ" என்று எல்லோரிடமும் சொல்வாள். முட்டியை மடக்கினார் என்ற அந்த ஒரு வாக்கியத்தை அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாள். எந்த முட்டி? இரண்டுமா? எவ்வளவு மடக்கினாவ? ஒவ்வொரு முறையும் அவன் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னான்.

மூன்றாவது வாரம், கேரளத்துச் செவிலியர் ஒருவர் எங்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்தார். என்னைத் திருப்பும் முறை சரியில்லை என்று கோமதிக்கும் தனபாலுக்கும் கற்றுக்கொடுக்க வந்தார். நான் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தேன். பேசியது மட்டும்தான் கேட்டது, முகங்கள் தெரியவில்லை.

"இடுப்பைத் தனியாகத் திருப்பக் கூடாது. தோளும் இடுப்பும் காலும் ஒன்றாக வரணும், மரத்தடியை உருட்டுற மாதிரி. ஒடிஞ்ச முதுகு மடங்கவே கூடாது கேட்டோ? ஒரு தடவை மடங்கினால் மதி, அது போதும். உள்ளே நரம்பு போயி."

"மடங்குனா போயிருமா?" என்றாள் கோமதி.

"பின்னே? ரோட்டில் அடிபட்ட ஆட்களை அப்படியே மடக்கி ஆட்டோவில் இருத்திக் கொண்டுவருவாங்க. பாதிப் பேருக்குக் கேடு வண்டியாலே இல்லை, தூக்கினதாலே. பலகையில் படுக்க வெச்சு எடுக்கணும்."

என் இடுப்பின் மேல் தனபாலின் கைகள் இருந்திருக்கின்றன. எனக்கு அங்கே உணர்ச்சி இல்லை. ஆனால் கட்டில் ஆடியதில் அவன் கையை எடுத்துவிட்டான் என்று தெரிந்தது.

செவிலியர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கோமதியின் குரல் தனபால் பக்கம் திரும்பியது.

"தம்பி, நீங்க தூக்குறதுக்கு முந்தி இவுக முட்டிய மடக்குனாவன்னு சொன்னீயள்லா?"

"அக்கா..."

"கல்லு மேல கெடக்கையில கால் நல்லா அசைஞ்சிருக்கு. நீங்களே பாத்திருக்கீய. ஆசுபத்திரிக்கு வரும்போது இல்ல. நடுவுல என்ன நடந்துச்சு? சொல்லுங்க. நடுவுல என்ன நடந்துச்சு?"

"அக்கா, டிஸ்பென்சரி போகாம எப்படி... எல்லாரும் அப்படித்தானே..."

"கால கொன்னுட்டீயளே!"

"கோமதி" என்றேன் சுவரைப் பார்த்து. இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

அப்போது தனபால் சொன்னான். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "அவர் அசைக்கல அக்கா. நான் பொய் சொன்னேன். நீங்க அன்னிக்கு அழுதுட்டு இருந்தீங்க. அதான் அசைச்சார்னு சொன்னேன். அவர் கால் அசையவே இல்ல."

காசிம் பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவருடைய கட்டிலிலிருந்து அன்று கேலி எதுவும் வரவில்லை.

கோமதி அதை நம்பவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது பொய் சொல்கிறான் என்றாள். நம்பினால் அவளுடைய கையில் இருந்த ஒரே வாக்கியமும் போய்விடும். நம்பாவிட்டால் என் கால்களைப் போக்கியவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். அவள் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை, மீனா என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று, கால் அசைகிறது என்று தெலுங்கில் கத்தினாள்.

"டாடி! காலு கதிலிந்தி! அம்மா, டாடி காலு கதிலிந்தி!"

என் வலது கால் உதறிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் முட்டி மேலே எழுந்து இறங்கியது. கோமதி என் பாதத்தைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். காசிம் பாய் அல்லாவை அழைத்தார். யாரோ ஓடிப்போய் மிட்டாய் வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார்கள். நான் அந்தக் காலை அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. நீட்டப் பார்த்தேன், நீளவில்லை. என் சம்பந்தம் இல்லாமல் அது தன்பாட்டுக்கு ஆடியது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மிட்டாயை மட்டும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் மருத்துவர் முட்டியில் சிறு சுத்தியலால் தட்டினார், கால் உதைத்தது. உள்ளங்காலில் கீறினார், பெருவிரல் மேல்நோக்கி விரிந்தது. அடிபட்டதும் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி அதிர்ச்சியில் முழுக்க அடங்கிவிடும், சில வாரங்களில் அது விழித்துக்கொள்ளும் என்று விளக்கினார். ஆனால் மூளையோடு தொடர்பு இல்லாமல் தானாக விழிக்கிறது. தொட்டால் துள்ளும், சொன்னால் கேட்காது. இத்தனை வாரங்களுக்குப் பிறகு மேலிருந்து ஓர் ஆணைகூடக் கீழே போகாவிட்டால் இனிப் போகாது.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் கோமதி.

நாளாகும் என்கிறார் என்று சொன்னேன். அவள் மருத்துவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மீனாவின் புத்தகங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

காசிம் பாய் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். போகும்போது என் தோளைத் தட்டி, பால் கொண்டுவந்து தருகிறேன் என்றார். இரண்டு முறை கொண்டுவந்தார்.

தனபால் வருவதை நிறுத்தவில்லை. கோமதி குளிக்கப் போகும் நேரம் பார்த்து வருவான். ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

"தனபால், நிஜத்தைச் சொல். எனக்கு மட்டும். அசைத்தேனா இல்லையா?"

அவன் என் கன்னத்தில் சோப்பு நுரையோடு கத்தியை நிறுத்தினான்.

"எது சொன்னா உங்களுக்கு நல்லாருக்கும் அண்ணே?"

"நல்லாருக்கிறதுக்குக் கேட்கலப்பா."

"எனக்கும் தெரியல அண்ணே. முதல்ல அசைச்சார்னு சொன்னேன். அப்ப நான் பார்த்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் இல்லைன்னு சொன்னேன். அதுவும் பார்த்த மாதிரிதான் இருக்கு. ராத்திரி படுத்தா ரெண்டும் வருது." கத்தியைத் துடைத்துக்கொண்டான். "நான் தூக்காம விட்டிருந்தா யாராச்சும் தூக்கியிருப்பாங்களா, மாட்டாங்களா? அதைச் சொல்லுங்க."

தூக்கியிருப்பார்கள். அதே மாதிரிதான் தூக்கியிருப்பார்கள். நானும் அந்தச் சாலையில் வேறொருவனை அப்படித்தான் தூக்கி, அப்படித்தான் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோயிருப்பேன். அதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

தீபாவளிக்கு முன் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலிப்பர் என்னும் இரும்புச் சட்டங்களைக் காலில் மாட்டி, இணைக் கம்பிகளுக்கு நடுவே நிற்கப் பழக்கியிருந்தார்கள். நின்றேன். அது நிற்பது அல்ல, நிறுத்தி வைப்பது. குளிர்காலத்தில் அதையும் விட்டுவிட்டேன். தொழிற்சாலை நிர்வாகம் தரைத்தளத்தில் குடியிருப்பு மாற்றி, கதவையும் அகலமாக்கிக் கொடுத்தது. காய விடுப்பும் கிடைத்தது. டிஸ்பென்சரிப் பதிவு சரியாக இருந்ததால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தனபால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். கோமதி காப்பி கொடுக்கிறாள், அவனுடைய அம்மாவின் உடம்பை விசாரிக்கிறாள். என்னைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் நேரம் வந்தால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறாள். தனபால் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய், மாற்றி முடிக்கும்வரை வாசலில் நிற்கிறான். 

என்னால் முடிந்தவரை விசாரித்தேன். ஆட்டோ ஓட்டியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மழையாதலால் சாலையோரக் கடைகள் திறந்திருக்கவில்லை. பின்னால் வந்த பேருந்திலிருந்து இறங்கியவர்கள் நான் தூக்கப்பட்ட பிறகு வந்தவர்கள். என் முழங்கால்களைப் பிடித்த கணக்குப் பிரிவுக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். அவருக்கு எழுதினேன். அன்பாகப் பதில் போட்டிருந்தார். கால்கள் கனமாக இருந்தன என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். மழையில் நனைந்த பேண்ட் கனமா, உயிரில்லாத கால் கனமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் எப்படி நடக்கிறேன் என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

நான் எழுதியவற்றில் மற்ற எல்லாவற்றையும் எக்ஸ்ரேயோடும் மருத்துவமனைத் தாள்களோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஜல்லிக் குவியலின் மேல் கிடந்தபோது, தூக்கப்படுவதற்கு முன், என் கால்கள் அசைந்தனவா இல்லையா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.